ஆறாவது எறி

மலை அசையவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிகாமணி இன்னொரு முறை பார்த்தான். எதிர்ப்பக்கக் கேலரியின் கூரைக்கு மேலே, முதுகெல்லாம் பனி வழிய, அது வைத்த இடத்தில்தான் இருந்தது. பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பார்க்காத நேரத்தில் நகர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று உடனே பார்த்தான். அல்மாத்தியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவனுக்கு அந்த மலைதான் அளவுகோல். காலையில் விடுதி ஜன்னல் திரையை விலக்கியதும் அதைப் பார்ப்பான். அது நின்றால் தானும் நிற்கலாம். இன்று காலையும் நின்றது. மைதானத்துக்கு வரும்போது பஸ் ஜன்னலில் ஓடிக்கொண்டே நின்றது. முதல் எறியிலும் இரண்டாவது எறியிலும் நின்றது. மூன்றாவதில், கைப்பிடி விரலை விட்டுப் போன மறு நொடியில், ஈரத் தட்டில் வைத்த சோப்புக்கட்டி போல இடது பக்கமாக ஒரு வழுக்கு வழுக்கிற்று. யாரும் கவனிக்கவில்லை. தோளைத் தளர்த்துகிறவன்போல, எறியும் வட்டத்தைச் சுற்றிய கூண்டு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் வட்டத்தின் பின்பக்கமாக ஒழுங்காக வெளியே வந்தான். எறி செல்லும் என்று நடுவர் வெள்ளைக் கொடி காட்டினார். நாலாவது எறியில் பாதி வேகத்தில் சுற்றினான். ஐந்தாவதில் வேண்டுமென்றே வட்டத்தின் விளிம்பை மிதித்துச் சிவப்புக் கொடி வாங்கினான். இன்னும் ஒன்று இருக்கிறது. ஆறாவது. அது முடிந்தால் இந்த ஆசியத் தடகளப் போட்டி முடிந்துவிடும், அவன் வயசுக்கு அநேகமாக மற்ற எல்லாமும் முடிந்துவிடும். ஊர்ச் செய்தித்தாளில் சங்கிலிக் குண்டு எறிதல் என்று போடுவார்கள். எறிகிறவர்களுக்கு அது ஹேமர். ஏழேகால் கிலோ இரும்புக் குண்டு, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பி முனையில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றி விட வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நெய்வேலியில் அப்பா கலியபெருமாள் எல்லோரிடமும் சொல்வார், பையன் என்ன பண்றான் என்று கேட்டால். சுத்துறான், விடுறான், அவ்வளவுதான்.

கடைசிச் சுற்றில் கீழ் இடத்தில் இருப்பவர்தான் முதலில் எறிவார். எட்டாவது, ஏழாவது என்று மேலே ஏறி வரும். சிகாமணி இப்போது நாலாவது. இந்தப் போட்டியில் இதற்கு முன்னால் இரண்டு தடவை நாலாவது. நாலாவது என்றால் என்ன என்று நாலாவதாக வந்தவனுக்குத்தான் தெரியும். எட்டாவதாக வந்தவன் இறுதிச் சுற்றுக்கு வந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். நாலாவதாக வந்தவனைப் பார்த்ததும் ஆட்கள் உச்சுக் கொட்டுவார்கள், சாவு வீட்டில் விசாரிப்பதைப்போல. இரண்டாவது எறியில் எழுபத்தொரு மீட்டர் எண்பத்தாறு போட்டதிலிருந்து சற்று முன்வரை மூன்றாவது இடத்தில்தான் இருந்தான். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அசையாமல் இருந்தான், ரயிலில் இடம் பிடித்தவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாமல் இருப்பதைப்போல. ஐந்தாவது சுற்றில் குர்லால் எழுந்து போய், தன் தலைப்பட்டையை ஒரு தடவை தொட்டுக்கொண்டு, எழுபத்திரண்டைத் தாண்டி எறிந்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில்தான் உட்கார்ந்தான். வேறெங்கே உட்காருவான்? இருவருக்கும் ஒரே பனியன், ஒரே கொடி, பல வருஷமாக எந்த ஊர் முகாமுக்குப் போனாலும் ஒரே அறை. பஞ்சாபில் மோகா பக்கத்துக்காரன். இவனைப் பாஜி என்று கூப்பிடுவான். அவர்கள் பேச்சில் அது அண்ணன். முதல் தடவை கேட்டபோது பஜ்ஜி என்று காதில் விழுந்து, சாப்பிடக் கூப்பிடுகிறான் என்று எழுந்து போனான் சிகாமணி. அந்தக் கதையை மனைவி செங்கொடியிடம் சொன்னபோது அவள் புரையேறச் சிரித்தாள். இடது காதில் அப்போது ஒன்றும் இல்லை. இப்போது அந்தக் காதில் யாரோ தூரத்தில் பிரஷர் குக்கரைத் திறந்து வைத்ததுபோல ஓயாமல் ஒரு இரைச்சல். காலையிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறினால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

தாய்லாந்துக்காரர் எறிந்துவிட்டுக் கூண்டை விட்டு வெளியே வந்து கைகூப்பினார். கேலரியில் ஒரு மூலை மட்டும் கைதட்டியது. குண்டு விழுந்த இடத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண் நடுவர் ஓடிப்போய்க் குத்துக்கம்பியை ஊன்றினாள். ஒல்லியான பெண். எறிகிறவர் விட்ட நொடியிலிருந்து அவள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, குண்டு வரும் பக்கம் பார்த்து இரண்டு எட்டு விலகி, விழுந்ததும் அதன் பின்னாலேயே ஓடுகிறாள். புல்லுக்கு வெளியே ஓடுபாதையில் பெண்கள் பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் நடந்துகொண்டிருக்கிறது. கயிற்றில் மணி கோத்தாற்போல அவர்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் கூண்டுப் பக்கம் வரும்போது நடுவர் கை காட்டி எறிகிறவரை நிறுத்தி வைப்பார். எல்லாம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. கூண்டு இருக்கிறது, வலை இருக்கிறது, முன்பக்கம் இரண்டு கதவு வலைகள் இருக்கின்றன. ஆனாலும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. வாசல் இல்லாமல் எறிய முடியாது. அந்த வாசல் வழியாக எங்கே போகும் என்பதை விரல்கள் முடிவு செய்கின்றன. விரல்களுக்குத் திசை சொல்வது காதுக்குள்ளே இருக்கிற, கடுகு அளவுகூட இல்லாத ஏதோ ஒரு நீர். சென்னையில் காது டாக்டர் அப்படித்தான் சொன்னார். உள்காதில் நீர் கோத்துக்கொள்கிறது, அது ததும்பும்போதெல்லாம் உலகம் சுற்றும் என்றார். என்ன தொழில் என்று கேட்டார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்றான் சிகாமணி. அது பொய்யில்லை. விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை அதுதான். அப்படியானால் ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடங்கள், உப்பைக் குறையுங்கள், தலையைச் சட்டென்று திருப்பாதீர்கள் என்றார் டாக்டர். தலையைச் சட்டென்று திருப்பாதீர்கள். வெளியே வந்து அதை நினைத்து ரோட்டோரம் நின்று சிரித்தான். சிரிப்பு ஓய்ந்தபோது ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, எங்கே சார் போகணும் என்று கேட்டார்.

செங்கொடியிடம் சொல்லவில்லை. அவளும் விளையாடினவள்தான், ரயில்வே வாலிபால் அணியில் முழங்கால் போகிறவரை ஆடினாள். முழங்கால் போனது எல்லோருக்கும் தெரிந்தது, கட்டுப் போட்டார்கள், பூங்கொத்துக் கொடுத்தார்கள், பாவம் என்றார்கள். இது யாருக்கும் தெரியாத ஊனம். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியாது. ஊறுகாயை ஒதுக்கியபோது, என்னங்க இது புதுசா, பிரஷரா என்று கேட்டாள். எடை குறைக்கிறேன் என்றான். போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றியதைக் கவனித்துவிட்டாள். ஏன் அந்தக் காதுல வச்சுப் பேச மாட்டேங்கிறீங்க என்றாள். இந்தப் பக்கம்தான் உன் குரல் நல்லா இருக்கு என்று சொல்லிச் சமாளித்தான். அதற்கு அவள் சந்தோஷப்பட்டாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? போதும், விட்டுடுங்க என்றிருப்பாள். சொல்லாமலே அவள் அதைச் சொல்வது கேட்டதால்தான் சொல்லவில்லை. ஆனால் வாய்விட்டு அதைச் சொன்னவன் வேறொருவன், அதுவும் இன்றைக்கு, அதுவும் சற்று முன்னால், அதுவும் இந்தப் பெஞ்சில், மூன்றாவது இடத்தைப் பிடித்துக்கொண்ட கையோடு.

குர்லால் எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்து, தன் தண்ணீர் பாட்டிலை இவனிடம் நீட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாஜி, கடைசி எறி வேண்டாம். விட்டுடு." இந்தியில்தான் சொன்னான், மெதுவாக, பக்கத்தில் ஈரான்காரருக்குக் கேட்காதபடி. வேண்டாம் என்று கையைத் தூக்கினால் போதும், அந்த எறியை விட்டதாகக் குறித்துக்கொள்வார்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. பலரும் செய்வதுதான். சிகாமணி பாட்டிலை வாங்கிக் குடித்தான். குடிக்கும்போது நினைத்தான்: நான் எறியாவிட்டால் நான் நாலாவது, அவன் மூன்றாவது. சீ என்றான் மனசுக்குள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான். அது போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. எனக்காகச் சொல்கிறானா, பதக்கத்துக்காகச் சொல்கிறானா? குர்லாலா? கையில் இருக்கிற கடைசி ரொட்டியைப் பிய்த்து நீட்டுகிறவன் அவன். ஆனால் ரொட்டி வேறு, இது வேறு. ரொட்டி நாளைக்கும் கிடைக்கும். அவனும் இருபது வயசிலிருந்து இதற்காக முதுகை ஒடித்துக்கொண்டவன். அவனுக்கும் ஒரு வீடு, கோதுமைக் காட்டுக்கு நடுவில் ஒரு டிவி, அதன் முன்னால் இந்நேரம் உட்கார்ந்திருக்கிற ஒரு கூட்டம். அவனிடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். எதற்காகச் சொல்லியிருப்பேன்? அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை பிசகியது. மறுபடி ஆரம்பத்துக்குப் போய், பாட்டிலை வாங்கி, தண்ணீரைக் குடித்து, நான் எறியாவிட்டால் என்று தொடங்கியது.

உஸ்பெக்காரர் எறிந்த குண்டு வலையில் மோதிக் கூண்டு முழுக்க ஆடியது. அந்தச் சத்தம் இடது காதுக்குள் போய் வெளியே வராமல் சுற்றியது. முகாமில் அது முதல் தடவையாக வந்த விடியற்காலையை நினைத்தான். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி சாய்ந்தது. கண்ணாடி சாய்கிறதே என்று அதைப் பிடிக்கப் போய், தானே தரையில் கிடந்தான். தரை நிற்கவில்லை. பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்த வாளி ஒன்றுதான் உலகத்தில் பிடிப்பாக இருந்தது. குர்லால் கதவைத் தட்டி, பதில் இல்லாமல், உள்ளே வந்து பார்த்தான். தூக்க முயலவில்லை. அதுதான் ஆச்சரியம். பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்து, இவன் தலையைத் தன் தொடையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். அவன் பாட்டிக்கோ யாருக்கோ இப்படி வருமாம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று இவன் கேட்டான். குர்லால் சரி என்றான். சொல்லியிருக்கலாம். பயிற்சியாளர் தனகோடி சாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இவனை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரே நாட்டிலிருந்து ஒரே பதக்கத்துக்கு ஓடுகிறவர்களில் ஒருவன் குறைந்திருப்பான். சொல்லவில்லை. அப்படியானால் அவன் எனக்காகத்தான் சொல்கிறான். இல்லை, அப்போது நான் அவனுக்கு ஆபத்தில்லை, நோயாளியோடு போட்டி போடுவது சுலபம், அதனால்தான் சொல்லவில்லை, இப்போதுதான் ஆபத்து. சீ, சீ. தலையை உதற நினைத்தான். தலையைச் சட்டென்று திருப்பாதீர்கள்.

ஈரான்காரர் எழுந்து போய்விட்டார். அவருக்கு அடுத்து இவன். கையுறையை எடுத்து மாட்டினான். இடது கைக்கு மட்டும்தான் கையுறை. விரல் நுனிகள் வெட்டிவிடப்பட்ட தடித்த தோல், பல வருஷத்து வியர்வையில் கறுத்து, தன் கையின் வடிவத்திலேயே காய்ந்து கிடப்பது. சுரங்கத்தில் அப்பா ஓட்டிய மண்வாரி எந்திரத்தின் சக்கரம் ஞாபகம் வந்தது. ஏழெட்டு மாடி உயரத்தில் வாளி வாளியாகக் கோத்த சக்கரம், ராப்பகலாய்ச் சுற்றி மண்ணை அள்ளும். குடும்பத்தோடு வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் விட்டார்கள். அம்மா பயந்து பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நாம்தான் சுற்றுகிற மாதிரி இருக்கும் என்று அப்பா சொன்னார். ஹேமரில் நேர்மாறு. நாம் சுற்றுகிறோம், உலகம் கலங்கி ஓடுகிறது, வலை, மனிதர்கள், வானம் எல்லாம் ஒரே தண்ணீர்க் கோடாய் ஓடுகின்றன. ஆனால் முகத்துக்கு நேரே, கை நீளத்துக்கும் கம்பி நீளத்துக்கும் அப்பால், குண்டு மட்டும் அசையாமல் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். இளவயசில் அதைக் கண்டுபிடித்த நாளில், இவ்வளவு அமைதியான இடம் பூமியில் வேறெங்கும் இல்லை என்று தோன்றியது. அந்த அமைதிக்காகத்தான் இத்தனை வருஷம் சுற்றினான், பதக்கத்துக்காக இல்லை. இல்லை, பதக்கத்துக்காகவும்தான். இரண்டுக்காகவும். மூன்றாவது எறியில் அந்தக் குண்டும் தன் இடத்தைவிட்டு நழுவிற்று. மலை நழுவியதைவிட அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அதைத் தன்னிடமே இப்போதுதான் ஒப்புக்கொள்கிறான்.

ஒலிபெருக்கி அவன் முழுப் பெயரையும் படிக்கப் பார்த்தது. தெய்வசிகாமணி. தெய்வ வரை ஒருவாறு வந்து, அப்புறம் வேறு யாருடைய பெயரோ ஆனது. எழுந்தான். குர்லாலும் பாதி எழுந்தான். முட்டிமேல் கையை ஊன்றி அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று சிகாமணி தேடினான். கெஞ்சல் இருந்தது. யாருக்காக என்று அதில் எழுதியிருக்கவில்லை. வேலி ஓரம் தனகோடி சார் நின்று நாலு விரலைக் காட்டினார்; நாலாவது சுற்றில் வேகம் வேண்டும் என்று அர்த்தம். அவருக்கு ஒன்றும் தெரியாது, நல்ல மனுஷன். குண்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனான். கான்கிரீட் வட்டம் சூடாக இருந்தது. ஓட்டக்காரப் பெண்கள் வருகிறார்கள், பொறு என்று நடுவர் கையைக் குறுக்கே நீட்டினார். பொறுத்தான். அவர்கள் மூச்சும் காலடியும் வலைக்கு அந்தப் பக்கம் போயின. கடைசியாக ஒரு பெண், எல்லோரையும் விட்டுப் பின்தங்கிப்போனவள், முகமெல்லாம் கோணிக்கொண்டு தனியாக ஓடினாள். நிறுத்தலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. நடுவர் கையை இறக்கினார். கையைத் தூக்கி வேண்டாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. சொல்லிவிட்டால் குர்லால் எதற்காகச் சொன்னான் என்று சாகிறவரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். எறிந்தாலும் அப்படித்தான். வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

தலைக்கு மேலே ஒரு வீச்சு, இரண்டு வீச்சு, குண்டு தன் எடையைக் கண்டுகொண்டது, முதல் சுற்றில் இடது குதிகால் உருண்டது, குண்டு முகத்துக்கு நேரே நின்றது, நிற்கிறது, நில், இரண்டாவதில் கம்பி தோளை இழுத்தது, உடம்பு பின்னால் சாய்ந்து அதற்கு ஈடு கொடுத்தது, இந்த இழுப்பை அவனுக்குப் பிடிக்கும், யாரோ பெரியவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல, மூன்றாவதில் வேகம் வந்தது, நல்ல வேகம், இந்த வருஷத்திலேயே இல்லாத வேகம், எழுபத்து மூன்று இதில் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தது, நாலாவதில் கால் இறங்கும் முன் காதுக்குள் எதுவோ கவிழ்ந்தது, குண்டு நின்ற இடத்தில் இல்லை, மேலே எங்கோ போய்விட்டது, வாசல் எந்தப் பக்கம், வெள்ளைத் தொப்பி எந்தப் பக்கம், அந்தக் கடைசிப் பெண் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறாள், விரல்கள் தாமாகப் பிரிந்தன, அவன் பிரிக்கவில்லை. பெரிய சத்தம். இடப்பக்கக் கதவு வலை வயிறு உப்பியதுபோல வெளியே புடைத்து, குண்டைப் பிடித்து, கீழே போட்டது. சிவப்புக் கொடி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேலரியிலிருந்து ஒரு ஓ கேட்டது, அனுதாபமான, சாதாரண ஓ. குண்டு வலையில் பட்ட இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்தான். ஒரு ஆள் அகலம் இருக்கும்.

வலையைத் தொட்டுத் தொட்டு வெளியே வந்தான். பெஞ்சுவரை வந்துவிட்டான். உட்காரும்போதுதான் முழுசாக வந்தது. பெஞ்சு கவிழ்ந்தது, புல் எழுந்து முகத்தில் அடித்தது, வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. மலையை ஒரு தடவை பார்த்தான். அது ரயில்போல ஓடிக்கொண்டே இருந்தது, ஓடித் தீரவே இல்லை. கண்ணை மூடினால் இருட்டு ஓடியது. கை எதையோ தேடி எதையோ பிடித்தது. குர்லாலின் முன்கை. வாளியைப் பிடித்ததுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கையுறைகூடக் கழற்றவில்லை. இன்னொரு கை வந்து அவன் தலையைத் தரையோடு சேர்த்து அசையாமல் அழுத்தியது. அது தெரிந்த கை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி குர்லாலின் பெயரைச் சொன்னது. இரண்டாவது இடத்திலிருக்கும் ஜப்பானியருக்கும் குர்லாலுக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். ஒரு சாண் கூடுதலாக எறிந்தால் வெள்ளி. வட்டம் காலியாக இருக்கிறது, கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு நிமிஷத்துக்குள் எறிய ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எறி போயிற்று. நடுவர் ஒருவர் வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறோம், நீ போ என்பதாக இருக்கும். குர்லால் போகவில்லை. அந்த முன்கை இவன் பிடிக்குள் இறுக்கமாக, நரம்பு துடிக்க, அப்படியே இருந்தது. போக விரும்புகிற கைதான் அது. சிகாமணிக்கு அது நன்றாகத் தெரிந்தது. கைகளால் அவனிடம் பொய் சொல்ல முடியாது. முன்கையின் ஒரு பக்கம் வட்டத்தை நோக்கி இழுத்தது, இன்னொரு பக்கம் இருந்த இடத்தில் இருந்தது. ஒரே கைதான். விட்டுடு என்று சொன்ன வாயும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தான். இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரே வார்த்தையாகச் சொல்லியிருப்பான், பிரித்துக் கொடுக்க அவனுக்கே தெரிந்திருக்காது. இதைத்தான் இவ்வளவு நேரம் பிரித்துக்கொண்டிருந்தேன். விரல்களைத் திறக்கச் சொன்னான். திறக்கவில்லை. விட்டால் விழுந்துவிடுவேன் என்றது உடம்பு, கிடக்கிற தரைக்குக் கீழேயும் விழ இடம் இருப்பதுபோல. ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். "போ," என்றான். "போடா."

கை போய்விட்டது. அது போன இடத்தில் உலகம் மறுபடி ஓடத் தொடங்கியது. புல்லை இரண்டு பிடி பிடித்துக்கொண்டு, கன்னத்தை மண்ணில் வைத்துக் கிடந்தான். காலடி ஓடுவது கேட்டது. கம்பி காற்றை அறுக்கிற அந்தச் சீறல் கேட்டது, ஒன்று, இரண்டு, அப்புறம் சுற்றுகள். அவசரம் தெரிந்தது. நிதானமாகத் தொடங்கவில்லை. விடும்போது குர்லால் எப்போதும் போடுகிற பெரிய கத்தல் வந்தது, பாதியில் அறுந்தது. குண்டு தூரத்தில் விழுந்தது. வெள்ளிக்குப் போதாது என்று கத்தலிலிருந்தே தெரிந்துவிட்டது. தூரம் காட்டும் பலகையைப் பார்க்க நின்றிருந்தால் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்திருக்க முடியாது, வந்துவிட்டான். மூச்சு வாங்க மண்டியிட்டு, அதே முன்கையை இவன் கைக்குள் கொடுத்தான். வியர்வையில் வழுக்கியது. என்ன ஆச்சு என்று சிகாமணி கேட்டான். வெண்கலம்தான் என்றான் குர்லால். இன்னும் இரண்டு பேர் எறிய வேண்டும், அவர்கள் இரண்டு பேரும் மேலே இருக்கிறவர்கள், அதனால் வெண்கலம் யாரும் பிடுங்க முடியாத வெண்கலம். எங்கேயோ ஒரு சிறு கூட்டம் இந்தியா இந்தியா என்றது. குர்லால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் உடம்பு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று கண்ணைத் திறந்து பார்க்க இவனால் முடியவில்லை.

டாக்டர் வந்தாள். உள்ளூர்ப் பெண், குளிர்ந்த விரல்கள். நாடி பிடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள்: வழுக்கி விழுந்தாரா, வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா, எப்போது சாப்பிட்டார். குர்லால் முந்திக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில், காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, வெயில்தான் என்றான். அவள் தலையாட்டியிருக்க வேண்டும். பையைத் திறக்கிற சத்தம் கேட்டது. இப்போதைக்கு இது போதும். ஒரு பாட்டில் குளூக்கோஸ் ஏற்றுவார்கள், ராத்திரி தூங்குவான், விமானம், வீடு. வெயில் சார் என்று தனகோடி சாரிடம் சொல்லலாம். அடுத்த மாதம் முகாம். அதற்கப்புறம் இன்னொரு மைதானம், இன்னொரு கூண்டு, அதற்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கும். குர்லாலின் முன்கையை ஒரு தடவை அழுத்தினான். "வெயில் இல்ல," என்றான். "எனக்குக் காதுல கோளாறு. சுத்துது. ரொம்ப நாளாவே சுத்துது. எறியும்போதும் சுத்துது. யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்." சொல்லி முடித்த பிறகுதான் தமிழில் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்தது. அங்கே யாருக்கும் அது புரியவில்லை. டாக்டர் காத்திருந்தாள். புரியாமலே குர்லால் மூச்சைப் பிடித்துக்கொண்டான். சிகாமணி அதையே இந்தியில், ஒரு வார்த்தையும் விடாமல் மறுபடி சொன்னான். அவளிடம் சொல்லு என்றான் சிகாமணி. குர்லால் சொல்லத் தொடங்கினான். அவன் ஆங்கிலம் மெதுவானது. நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் நின்றான், நின்று, தேடி, மறுபடி தொடர்ந்தான். அவன் முழுவதும் சொல்லி முடிக்கிறவரை சிகாமணி கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.